பிலா என்னும் ஊர்ப்பெயர்: கி.பி. 900ஆம் ஆண்டுச் செப்பேட்டின் "பைலஹ்" இந்த ஊர்தானா?

ஏரிக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். ஊர்ப்பெயர்களைப் பற்றி நான் எழுதிவரும் தொடரில் அடுத்ததாகப் பிலிப்பைன்ஸ் நாட்டின் லகுனா மாகாணத்திலுள்ள பிலா என்ற பழைய ஊரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மணிலாவுக்குத் தென்கிழக்கே, லகுனா தெ பாய் என்னும் பெரிய ஏரியின் கரையோரம் அமைந்த சிறிய ஊர் இது. 1578இல் பிலிப்பைன்ஸுக்கு வந்த பிரான்சிஸ்கன் துறவிகள் தொடக்கத்திலேயே கால்பதித்த ஊர்களுள் ஒன்று. ஸ்பானியர்கள் இதை "உயர்குடிப் பிலா நகர்" என்று சிறப்பித்து அழைத்தனர். ஊர் நடுவிலுள்ள சதுக்கமும் அதைச் சூழ்ந்த பழைய வீடுகளும் 2000இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

என் கட்டுரையின் முதல் வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: "கி.பி. 900இல் பொறிக்கப்பட்ட லகுனா செப்பேட்டில் பைலஹ் என்று வரும் ஊரே இன்றைய பிலா." இது சரிதான் என்பது என் உறுதியான கருத்து. அதற்குரிய காரணங்களைச் சொல்கிறேன்.

செப்பேடு கிடைத்த இடம் லும்பான் ஆற்று முகத்துவாரம். பிலாவுக்கு அடுத்த ஊரான சாந்தா குரூஸைத் தாண்டினால் லும்பான் வந்துவிடும். ஏட்டில் "பைலஹ்வின் தலைவர்" இரண்டு இடங்களில் குறிக்கப்படுகிறார். அவருடன் "புலிரான் கசுமுரான்" என்ற இடத்தின் தலைவரும் சாட்சியாக நிற்கிறார். புலிரான் என்பது இந்த ஏரிக்கே வழங்கிய பழம்பெயர் என்று ஆய்வாளர்கள் சிலர் காட்டியிருக்கிறார்கள். ஏரியின் பெயரும், ஏரிக்கரையில் கிடைத்த ஏடும், ஏரிக்கரையில் இன்றும் அதே ஒலியில் வழங்கும் ஓர் ஊரும் ஒன்றுகூடும்போது ஐயப்பட இடமில்லை என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்துடையவர்கள் எழுதினால் கட்டுரை அச்சுக்குப் போகுமுன் திருத்திக்கொள்வேன்.

கல்லெழுத்து:

நண்பரே, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்த முதல் வரி அப்படியே அச்சாகக் கூடாது.

இந்த ஏட்டை முதலில் படித்து வெளியிட்டவர் அந்தோன் போஸ்ட்மா என்ற டச்சு அறிஞர். மிண்டோரோ தீவில் மாங்யான் மக்களிடையே பல்லாண்டுகள் வாழ்ந்து, அவர்களுடைய எழுத்தையும் பாடல்களையும் ஆராய்ந்தவர். பழைய ஜாவானியக் கல்வெட்டுகளில் வல்லவரான தெ காஸ்பரிஸின் துணையோடுதான் அவர் இந்த வாசிப்பைச் செய்தார். அவர் பைலஹ்வைப் பிலாவில் வைக்கவில்லை. மணிலாவுக்கு வடக்கே புலாக்கான் மாகாணத்தில் வைத்தார். அங்கே ஆங்காட் ஆற்றின் கரையில் புலிலான் என்ற ஊர் இருக்கிறது. அதே ஆற்றின் மேற்பகுதியில், நோர்சகாராய் ஊரைச் சேர்ந்த பகுதியில், பைலா என்ற இடம் இருக்கிறது. ஏட்டில் வரும் மூன்றாவது பெயரான பினுவாங்கான் அதே மாகாணத்தின் கடலோரத்தில், ஒபாண்டோவில் இருக்கிறது. மூன்று பெயர்களும் ஒரே பகுதியில், எழுத்து பெரிதும் மாறாமல் கிடைக்கும்போது, அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து ஏரியின் தென்கிழக்கு மூலைக்குக் கொண்டுபோவது எப்படிப் பொருந்தும்?

அடுத்து, ஏடு கிடைத்த விதத்தையும் கவனியுங்கள். 1980களின் இறுதியில் ஆற்றில் மணல் அள்ளிக்கொண்டிருந்தவர் கையில் அது அகப்பட்டது. பல கை மாறி 1990இல் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அகழாய்வில், மண்ணடுக்கோடு கிடைத்த பொருள் அன்று அது. அதன் உள்ளடக்கமோ ஒரு குடும்பத்தின் கடன் தீர்ந்ததற்கான சான்று. நம்வரான் என்பவரின் கடன் தீர்ந்தது என்று அவருடைய மகள் தாயாங் அங்காத்தானுக்கும் புகா என்பவருக்கும் கொடுக்கப்பட்ட விடுதலைப் பத்திரம். இப்படிப்பட்ட பத்திரத்தை அந்தக் குடும்பம் போகுமிடமெல்லாம் கொண்டுபோயிருக்கும். நிலத்தில் நாட்டிய எல்லைக் கல்லாக இருந்தால் கிடைத்த இடம் பேசும். பெட்டியில் வைத்துக் காத்த பத்திரம் கிடைத்த இடத்தை வைத்து எந்த ஊரையும் அடையாளம் காட்ட முடியாது.

முத்துக்குளியான்:

இந்த விவாதத்தில் தமிழர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. ஏடு பல்லவ எழுத்தின் வழிவந்த எழுத்தில் இருக்கிறது. அதில் "நாயக" என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. எனவே பைலஹ் என்ற பெயரையும் தமிழில் தேட வேண்டும். பலா, பாலை, பாளையம் என்று எத்தனையோ சொற்கள் நினைவுக்கு வருகின்றன. சோழர்களின் கடற்படை அந்தப் பகுதிவரை சென்றது நாம் அறிந்ததே.

கல்லெழுத்து:

ஐயா, எழுத்தைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஏட்டின் எழுத்து, ஜாவா முதலிய தீவுகளில் வழங்கிய காவி என்னும் பழைய எழுத்தின் தொடக்க வடிவம். காவி எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. அந்தத் தொடர்பில் நமக்குப் பெருமையும் ஆர்வமும் இருப்பதில் தவறில்லை. ஆனால் எழுத்து வந்த வழி வேறு, ஊர்ப்பெயர் பிறந்த வழி வேறு. ஏட்டின் மொழி பழைய மலாய். அதில் சமஸ்கிருதச் சொற்களும் பழைய ஜாவானியச் சொற்களும் கலந்திருக்கின்றன. "நாயக" சமஸ்கிருதம் வழியாக அங்கு சென்ற சொல். நம் "நாயகன்" என்பதற்கும் அதே வேர்தான் என்பதால் அது தமிழிலிருந்து போனதாக ஆகிவிடாது. ராஜேந்திர சோழனின் படையெடுப்பு நடந்தது 1025இல். இந்த ஏடு அதற்கு 125 ஆண்டுகள் முற்பட்டது. அந்தப் படையும் ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கியதே தவிர, இந்த ஊர்களெல்லாம் இருக்கும் லூசோன் தீவுக்குப் போனதற்குச் சான்றில்லை. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக ஒரு பெயரைப் பலாவோடு சேர்த்தால், நாளை எவரும் எந்த ஊரையும் எந்த மொழியோடும் சேர்க்கலாம்.

வைகறை:

நான் பிலிப்பைன்ஸில் மருத்துவம் படித்தவள். படிப்பு முடியும் ஆண்டில் ஒரு நீண்ட விடுமுறையில் பிலாவுக்கும் மணிலா தேசிய அருங்காட்சியகத்துக்கும் போயிருந்தேன். கண்ணால் பார்த்ததையும் அங்கே படித்ததையும் வைத்து இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, ஏட்டைப் பற்றியது. நம் ஊர்ச் செப்பேடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மிகச் சிறியது. ஒரு முழத்துக்கும் குறைந்த நீளம், மெல்லிய தகடு, கறுத்துப் போன நிறம், சீரில்லாத ஓரங்கள். கனத்த ஏடுகளை வளையத்தில் கோத்து அரச முத்திரை வைக்கும் நம் வழக்கத்தின் சாயல் எதுவும் அதில் இல்லை. எழுத்துகளைத் தகட்டில் அடித்துப் பதித்திருக்கிறார்கள். மொத்தம் பத்தே வரிகள். பத்தாவது வரி ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. "பின்னாளில் எவரேனும் இந்தக் கடன் தீரவில்லை என்று சொன்னால்" என்ற பொருளில் தொடங்கும் பகுதி முடிவதற்குள் தகடு முடிந்துவிடுகிறது. அடுத்த தகடு ஒன்று இருந்திருக்க வேண்டும். அது கிடைத்திருந்தால் இன்னும் சில ஊர்ப்பெயர்கள் கிடைத்து நம் விவாதமே வேறு மாதிரி போயிருக்கும்.

தேதி எழுதப்பட்டிருக்கும் முறை என்னை நெடுநேரம் அங்கேயே நிறுத்திவைத்தது. சக ஆண்டு 822, வைசாக மாதம், கிருஷ்ண பட்சச் சதுர்த்தி, சோமவாரம். பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. இன்றைய கணக்கில் அது கி.பி. 900 ஏப்ரல் 21, திங்கட்கிழமை. தீர்க்கப்பட்ட கடன் ஒரு கட்டியும் எட்டுச் சுவர்ணமும். இரண்டும் பழைய எடை அளவுகள். ஏறத்தாழ 900 கிராம் தங்கம் என்று கணக்கிடுகிறார்கள். இது ஏழை வீட்டுக் கடன் அன்று. அத்தனை ஊர்த்தலைவர்கள் ஏன் சாட்சியாக வந்தார்கள் என்பது அதிலேயே விளங்குகிறது.

இரண்டாவது, பிலாவைப் பற்றியது. ஏரிக்கரையான் அவர்கள் "இன்றைய பிலா" என்று எழுதியிருக்கிறார். இன்றைய பிலா நிற்கும் நிலம் பழைய பிலாவின் நிலம் அன்று. ஏரிக்கு அருகே பினாக்பயனான் என்ற பகுதி இருக்கிறது. அந்தப் பகுதி மக்கள் பேசும் தகலோக் மொழியில் "பயான்" என்றால் ஊர். "பினாக்பயனான்" என்றால் ஊர் இருந்த இடம். தமிழகத்தில் ஊர் அழிந்த மேட்டைப் பாழ்நத்தம் என்றும் பாழூர் என்றும் சொல்வோமே, அதுபோன்ற பெயர். மக்கள் பின்னர் பாகலாங்கான் என்ற இடத்தில் குடியிருந்தார்கள். ஏரி நீர் ஏறி அடிக்கடி வெள்ளம் சூழ்ந்ததால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரையிலான காலத்தில் அங்கிருந்து சாந்தா கிளாரா என்னும் பண்ணை நிலத்துக்கு ஊரே பெயர்ந்தது. அதுதான் இன்றைய பிலா. பழைய தேவாலயத்தின் கற்களையும் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். பாகலாங்கான் இன்று பிலாவிலேயே இல்லை. 1949இல் பிலாவிலிருந்து பிரிந்த விக்டோரியா என்ற ஊரின் எல்லைக்குள் இருக்கிறது.

ஊர் இப்படி இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கும்போது, "செப்பேட்டின் ஊரே இன்றைய பிலா" என்பதில் "ஊர்" என்ற சொல் நிலத்தைக் குறிக்கிறதா, மக்களைக் குறிக்கிறதா?

ஏரிக்கரையான்:

வைகறை அவர்களே, மிக்க நன்றி. உங்கள் கேள்வி என் வாதத்துக்கு எதிரானது என்று நான் எண்ணவில்லை. அதற்கு வலுச்சேர்ப்பதாகவே பார்க்கிறேன்.

ஹுவான் தெ பிளாசென்சியா என்ற பிரான்சிஸ்கன் துறவி 1589இல் தகலோக் மக்களின் வழக்கங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அதில் நிலவுரிமையைச் சொல்லும் இடத்தில், மற்ற ஊர்களில் இல்லாத ஒரு வழக்கம் லகுனாவின் பிலாவில் இருப்பதைத் தனியே எடுத்துச் சொல்கிறார். அங்கே சுதந்திரக் குடிகளும் தங்கள் தலைவனுக்கு ஆண்டுக்கு நூறு காந்தா (அந்நாட்டு முகத்தலளவை) அரிசி கொடுத்துவந்தார்கள். அதற்குக் காரணம், அவர்கள் அந்த இடத்தில் குடியேறியபோது நிலம் வேறொரு தலைவன் கையில் இருந்தது. வந்து சேர்ந்த தலைவன் தன் சொந்தத் தங்கத்தைக் கொடுத்து அதை விலைக்கு வாங்கினான். ஆகவே நிலம் தலைவனுடையது, அதில் பயிரிட்டவர்கள் அவனுக்கு வாரம் கொடுத்தார்கள்.

இது சிறிய செய்திபோலத் தோன்றலாம். ஆனால் ஸ்பானியர் வருவதற்கு முன்பே பிலா மக்கள் வேறிடத்திலிருந்து பெயர்ந்து வந்தவர்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? விலைக்கு வாங்கிய நிலத்துக்கு முன்பே ஒரு பெயர் இருந்திருக்கும். பாகலாங்கான் என்பதுதான் அந்தப் பெயராகவும் இருக்கலாம். இருந்தும் வந்தவர்கள் தங்களைப் பிலா என்றே சொல்லிக்கொண்டார்கள். பிறகு சாந்தா கிளாராவுக்குப் போனபோதும் அந்தப் பெயரையே கொண்டுபோனார்கள். பிலா என்பது நிலத்தில் ஒட்டிய பெயர் அன்று, ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். அவர்கள் போகுமிடமெல்லாம் கூடவே போன பெயர். கி.பி. 900இல் அந்தக் கூட்டம் ஏரிக்கரையின் எந்த மேட்டில் இருந்திருந்தாலும் பைலஹ் என்ற பெயர் அவர்களுடையதாகவே இருந்திருக்கும்.

பினாக்பயனானில் 1967-68இல் அகழாய்வு நடந்தது. சீனப் பீங்கான்கள் ஏராளமாகக் கிடைத்தன. இறந்தவர்களை எரித்துப் புதைத்ததற்கான தடயங்களும் கிடைத்தன. ஸ்பானியர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கடல் வணிகத்தில் பங்குகொண்ட செழிப்பான குடியிருப்பு அது. 900 கிராம் தங்கக் கடனுக்குச் சாட்சியாக நிற்கக்கூடிய தலைவர்கள் இப்படிப்பட்ட ஊரில்தானே இருந்திருப்பார்கள்?

கல்லெழுத்து:

பிளாசென்சியாவின் குறிப்பை எடுத்துக்காட்டியதற்கு நன்றி. அதை நானும் படித்திருக்கிறேன். ஆனால் இந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. இருப்பினும் அது இரண்டு பக்கமும் வெட்டும் சான்று.

மக்கள் பெயர்ந்து வந்தார்கள் என்றால், எங்கிருந்து வந்தார்கள்? பக்கத்து மேட்டிலிருந்து வந்திருக்கலாம். புலாக்கானிலிருந்தும் வந்திருக்கலாம். பெயர் மக்களோடு நடக்கும் என்று நீங்கள் ஒப்புக்கொண்ட அந்த நொடியிலேயே, கி.பி. 900இல் அது ஏரிக்கரையில்தான் இருந்தது என்று சொல்லும் உரிமையை இழந்துவிடுகிறீர்கள். ஆங்காட் ஆற்றங்கரையில் ஒரு பைலா இருப்பதை உங்கள் விளக்கம் மறுக்கவில்லை. மாறாக, அதற்கும் இடம் கொடுக்கிறது.

பீங்கானைப் பற்றி ஒரு சொல். அது ஊரின் தொன்மையைக் காட்டும், செல்வத்தைக் காட்டும். பெயரைக் காட்டாது. ஏரியைச் சுற்றியும் மணிலா விரிகுடாவைச் சுற்றியும் சீனப் பீங்கான் கிடைத்த பழைய குடியிருப்புகள் பல இருக்கின்றன.

இனி மையமான சிக்கலுக்கு வருகிறேன். பைலஹ் எப்படிப் பிலா ஆயிற்று? "ஐ" என்ற ஒலி "இ" ஆனதற்கு ஒலியியல் காரணம் வேண்டாமா? "அதே ஒலி" என்பது விளக்கம் ஆகாது. முத்துக்குளியான் அவர்களிடம் நான் சொன்னதையே உங்களிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒலியன்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மொழியியல் என் துறை என்பதால் இந்த இடத்தில் குறுக்கிடுகிறேன்.

சொல்லின் இறுதியில் உள்ள ஹகரம் மறைவது சிக்கலே இல்லை. இன்றைய தகலோகில் சொல்லின் ஈற்றில் எழுத்தாக ஹகரம் நிற்பதில்லை. அதைக் கேட்ட ஸ்பானியரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஏட்டின் துண்டுன் என்ற பெயரை எல்லோரும் மணிலாவின் தொண்டோ என்று ஏற்கிறோம். அங்கே ஈற்று னகரமே போய்விட்டது. அதை எவரும் தடையாகச் சொல்வதில்லை.

"ஐ" பற்றிய கேள்விதான் கடினமானது. தகலோகில் "ஐ" பேச்சில் "ஏ" ஆவது உண்டு. "மாய்ரோன்" என்று எழுதுவதை "மேரோன்" என்பார்கள். "கைபிகான்" என்பது விரைவான பேச்சில் "கேபிகான்" போல ஒலிக்கும். தகலோகின் பழைய எழுத்துமுறையான "பைபாயின்" என்பதில் எகரத்துக்கும் இகரத்துக்கும் ஒரே குறிதான். தகலோக் மொழியே அந்த இரண்டையும் முன்பு வேறுபடுத்தவில்லை. ஆகவே பைலஹ், பேலா, பிலா என்ற வழி நடக்கக்கூடாத வழி அன்று. ஆனால் நடக்கக்கூடியது என்பதற்கும் நடந்தது என்பதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. பேலா என்ற இடைப்பட்ட வடிவம் ஏதேனும் ஓர் ஆவணத்தில் கிடைத்தால் என் நம்பிக்கை பெரிதும் உயரும்.

கல்லெழுத்து ஐயாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நோர்சகாராயின் பைலாவில் ஒலி மாறாமல் இருப்பதையே வலுவான சான்றாகக் கொள்கிறீர்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஒரு பெயர் சிறிதும் மாறாமல் நிற்பதுதான் இயல்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. தகலோகில் "இலாயா" என்றால் ஆற்றின் மேற்பகுதி, மேட்டுப்புறம். அதனோடு "பா" என்ற முன்னொட்டு சேர்ந்தால் மேட்டை நோக்கி என்ற பொருள் வரும். ஆற்றின் மேற்பகுதியிலுள்ள ஓரிடத்துக்கு அதை ஒத்த ஒலியில் ஒரு பெயர் எந்தக் காலத்திலும் புதிதாகவும் தோன்றியிருக்கலாம். ஈற்றசை குறைவதால் இதை முடிவாகச் சொல்லவில்லை. இன்றைய வரைபடத்திலுள்ள பெயரை அப்படியே பத்தாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோவதில் இத்தகைய இடர்கள் உண்டு என்பதற்காகவே சொன்னேன்.

முத்துக்குளியான்:

கல்லெழுத்து ஐயா சொன்ன ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்தேன். சோழர் படையெடுப்பைப் பற்றிய என் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. பிலா என்பது ஸ்பானியச் சொல்லாகவே இருக்கக்கூடாதா? ஸ்பானிய மொழியில் பிலா என்றால் திருமுழுக்குத் தொட்டி என்றும் அடுக்கிவைத்த குவியல் என்றும் பொருள் இருக்கிறது. தகலோகிலும் பிலா என்றால் வரிசை என்று பொருள் சொல்கிறார்கள். துறவிகள் தொடக்கத்திலேயே வந்த ஊர் என்றால் அவர்களே வைத்த பெயராகவும் இருக்கலாமே?

வைகறை:

தகலோகில் வரிசை என்ற பொருளில் வரும் பிலா, ஸ்பானிய மொழியின் "ஃபிலா" என்ற சொல்லிலிருந்து வந்தது. ஃபகரம் தகலோகில் இல்லாததால் பகரமாயிற்று. மருத்துவமனை மருந்தகத்தின் வாசலில் "பிலா, பிலா" என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சொல்லுக்கும் ஊருக்கும் தொடர்பில்லை.

திருமுழுக்குத் தொட்டியும் பொருந்தாது. துறவிகள் ஊர்களுக்குப் பெயர் வைத்தபோது பெரும்பாலும் புனிதர்களின் பெயரையோ வேறு சமயப் பெயரையோ வைத்தார்கள். அருகிலுள்ள சாந்தா குரூஸ் என்பது திருச்சிலுவை. பிலாவில் அவர்கள் கட்டிய ஆலயம் பதுவை நகர் அந்தோணியாருக்கு உரியது. பெயர் வைக்க நினைத்திருந்தால் சான் அந்தோனியோ என்று வைத்திருப்பார்கள். முன்பே ஓர் ஊரும் அதற்கொரு பெயரும் இருந்ததால்தான் பிலா என்று எழுதினார்கள். நிலத்தை விலைக்கு வாங்கிய தலைவனைப் பற்றிப் பிளாசென்சியா எழுதுவதும் தம் காலத்துக்கு முந்தைய ஊரைப் பற்றித்தான்.

ஸ்பானிய எழுத்து நம்மை ஏமாற்றும் இன்னோர் இடமும் இதே ஏரியில் இருக்கிறது. லகுனா தெ பாய் என்பதை ஆங்கில எழுத்தில் காண்பவர்கள் அதை விரிகுடா என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் முதலாண்டில் அப்படித்தான் நினைத்தேன். கரையிலுள்ள பாய் என்ற ஊரின் பெயர் அது. "பா", "இ" என்று இரண்டு அசையாக, நடுவில் தொண்டையை ஒரு கணம் நிறுத்தி உச்சரிக்க வேண்டும். பாயின் ஏரி என்பதே அதன் பொருள்.

கல்லெழுத்து:

அப்படியானால் ஒலியன் அவர்களுக்கு ஒரு கேள்வி. அதே ஏரிக்கரையில் பாய் என்ற ஊர் தன் "ஐ" ஒலியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பைலஹ் மட்டும் ஏன் இழந்தது?

ஒலியன்:

வைகறை அவர்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது, ஐயா. பாய் என்பதில் இருப்பது "ஐ" அன்று. ஆகாரமும் இகாரமும் தனித்தனி அசைகள். இடையே தொண்டையடைப்பு ஒலி ஒன்று நின்று அவை கலந்துவிடாமல் காக்கிறது. ஆகவே இந்த ஒப்பீடு பைலஹ்வுக்கு எதிரான சான்றாகாது. அதற்கு ஆதரவான சான்றும் ஆகாது.

ஏரிக்கரையான்:

என் கையிலுள்ள வலுவான சான்றை இன்னும் முன்வைக்கவில்லை. பைலஹ்வைவிடப் புலிரானைப் பற்றியது அது.

தகலோக் மொழிக்கு முதன்முதலில் அச்சான அகராதியைத் தொகுத்தவர் பெத்ரோ தெ சான் புவெனவெந்துரா என்ற பிரான்சிஸ்கன் துறவி. அது அச்சான ஆண்டு 1613. அச்சிட்டவர்கள் தோமாஸ் பின்பின், தொமிங்கோ லோவாக் என்ற இரு உள்நாட்டு அச்சாளர்கள். அச்சிட்ட இடம் பிலா. நெல்லும் மீனுமாக இருந்த ஓர் ஏரிக்கரை ஊரில், 400 ஆண்டுகளுக்கு முன், அந்த மண்ணின் மைந்தர்கள் எழுத்துக் கோத்து ஒரு முழு அகராதியை அச்சிட்டிருக்கிறார்கள். தமிழ் எழுத்தில் முதல் அச்சு நூல் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தச் செய்தியின் அருமை விளங்கும்.

அந்த அகராதியில் புலிலான் என்ற சொல் இந்த ஏரியின் பெயராக வருகிறது. ரகரமும் லகரமும் மாறிவருவது அங்கு இயல்பு. செப்பேட்டின் புலிரான் என்ற பெயர் இந்த ஏரிப் பகுதிக்கே உரியது என்பதற்கு ஏரிக்கரையில், அதுவும் பிலாவிலேயே அச்சான நூல் சான்று தருகிறது. புலாக்கானில் புலிலான் என்ற ஊர் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏரி ஒன்று இந்தப் பெயரைத் தாங்கியிருந்ததும், அந்த ஏரியில் வந்து சேரும் ஆற்றில் ஏடு கிடைத்ததும் உண்மையாக இருக்கும்போது, புலிரானை எங்கே வைப்பது என்பதில் ஏரிக்கே முன்னுரிமை தர வேண்டும். புலிரான் ஏரிக்கு வந்துவிட்டால், அதே பட்டியலில் அடுத்து நிற்கும் பைலஹ்வும் ஏரிக்கு வருவதுதான் முறை. மூன்று பெயர்களையும் ஒன்றாக வைக்க வேண்டும் என்று சொன்னவர் நீங்கள்தான், ஐயா.

கல்லெழுத்து:

இந்தச் சான்றின் எடையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். புலிரானைப் பொறுத்தவரை என் நிலையை மாற்றிக்கொள்கிறேன். 1613இல் ஏரிக்கு அந்தப் பெயர் வழங்கியது என்றால், ஆங்காட் ஆற்றங்கரைப் புலிலான் மட்டுமே தகுதியுடையது என்று இனி நான் வாதிட முடியாது.

ஆனால் மூன்றையும் ஒன்றாக வைக்க வேண்டும் என்ற என் வாதத்தை எனக்கே திருப்பினீர்கள். அதற்கு விடை சொல்ல வேண்டியது என் கடமை. பினுவாங்கான் இன்னும் புலாக்கானின் கடலோரத்தில்தான் நிற்கிறது. துண்டுன் மணிலாவில் இருக்கிறது. புலிரானை நீங்கள் ஏரிக்கு நகர்த்தினால், ஏட்டின் தலைவர்கள் ஒரே ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள் அல்லர், பரந்த பகுதியிலிருந்து வந்தவர்கள் என்றாகிறது. ஏரியிலிருந்து பாசிக் ஆற்றின் வழியே மணிலா விரிகுடாவுக்கும், அங்கிருந்து புலாக்கானின் ஆறுகளுக்கும் படகில் போய்வருவது எளிது என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் அப்படிப் பரந்திருந்தால், பைலஹ் ஏரியிலும் இருக்கலாம், ஆங்காட் ஆற்றிலும் இருக்கலாம். பக்கத்துப் பெயர் எங்கே இருக்கிறது என்பதை வைத்து அதன் இடத்தை முடிவுசெய்யும் வழி எனக்கும் அடைபட்டுவிட்டது, உங்களுக்கும் அடைபட்டுவிட்டது.

போஸ்ட்மா எழுதியது முதல் வாசிப்பு. அதற்குப் பின் வந்தவர்கள் அதைத் திருத்த உரிமையுள்ளவர்கள். ஆனால் திருத்தும்போது அவர் காட்டிய கட்டுப்பாட்டோடு திருத்த வேண்டும். நீங்கள் எழுதிய வரியில் எனக்கு உறுத்துவது ஒரே ஓர் எழுத்து. "ஊரே" என்பதில் உள்ள ஏகாரம். அது தேற்றம், அதாவது ஐயமின்றி உறுதிசெய்வது. தேற்றத்துக்குரிய சான்று நம்மிடம் இல்லை.

வைகறை:

ஏகாரத்தை நீக்குவதோடு வரியின் இடத்தையும் மாற்றலாமே? பிலாவின் சதுக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது பேச்சுக் கொடுத்த முதியவர் ஒருவர் செப்பேட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் அகராதியைப் பற்றித்தான் சொன்னார். எங்கள் மொழியின் முதல் அகராதி இங்கே அச்சாயிற்று என்று கையால் தேவாலயத்தின் பக்கம் காட்டினார். அது அச்சானபோது தேவாலயம் அங்கே இருக்கவில்லை, ஊரே பாகலாங்கானில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் "இங்கே" என்றுதான் சொன்னார்.

ஏரிக்கரையான்:

அப்படியே செய்கிறேன். கட்டுரை 1613இல், அச்சுக் கோக்கும் பின்பின், லோவாக் இருவரிடமிருந்து தொடங்கும். அகராதியில் உள்ள புலிலான் வழியாகச் செப்பேட்டுக்குப் போவேன். பிளாசென்சியாவின் குறிப்பு, சாந்தா கிளாராவுக்குப் பெயர்ந்தது, போஸ்ட்மாவின் புலாக்கான் வாசிப்பு எல்லாவற்றையும் உரிய இடத்தில் வைப்பேன். பைலஹ் பற்றிய வரி இப்படி இருக்கும்: "செப்பேட்டில் வரும் பைலஹ், பிலா மக்களின் பழைய ஊராக இருக்கலாம், நோர்சகாராயின் பைலாவைச் சொல்வோரும் உண்டு."

பிலா மக்களுடையது என்பதுதான் என் சொந்த நம்பிக்கை என்பதையும் அடுத்த வரியில் என் பெயரிலேயே எழுதுவேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

கல்லெழுத்து:

உங்கள் பெயரில் எழுதுவதை எவரும் தடுக்க முடியாது. "இருக்கலாம்" போதும். ஒலியன் கேட்ட பேலா என்ற வடிவத்தை 16ஆம் நூற்றாண்டு ஸ்பானிய வரிக் கணக்குகளில் தேடத் தொடங்குகிறேன். கிடைத்தால் முதலில் உங்களுக்குத்தான் தெரிவிப்பேன்.